பாசிமணி நண்டு

சிதம்பரத்து வாடகை வீட்டில், மகளின் பள்ளிக்கூடப் பையில் தொங்கவிட, எலாஸ்டிக் நூலில் சிவப்புப் பாசிமணி கோத்து நண்டு செய்துகொண்டிருந்தேன். கால்கள் முடிந்து கொடுக்குகள்தான் பாக்கி.

“ஒங்க கடலூரு நாத்தம் மணியிலகூட அடிக்குது” என்று என் கணவர் அதைப் பிடுங்கி இழுத்தார். நூல் அறுந்து மணிகள் தரையெங்கும் சிதறின. வழக்கம்போல என்னை அறையக் கையை ஓங்கினார்.

நான் மீன்பிடிக்கிற வீட்டில் வளர்ந்தவள். உயிர் நண்டின் கொடுக்கை எந்தப் பக்கம் மடக்கினால் ஒடியும் என்று பத்து வயதிலேயே என் கைக்குத் தெரியும். அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அப்படியே மடக்கினேன். சத்தம்கூட அதே சத்தம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு திரும்பியவர் வாசலிலேயே தயங்கி நின்றார். நான் நண்டை மறுபடி கோத்து, இரண்டாவது கொடுக்குக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“கீழ பாத்து வாங்க, மணி கெடக்கு” என்றேன்.