பூனைக்குப் பதில் திருகை

செவலைப் பூனை அம்மாவின் வயிற்றின்மேல் சுருண்டு படுத்துக் குர்குர்ரென்று இரையும்போது அதன் முதுகில் கை வைத்தால், அந்த அதிர்வு என் உள்ளங்கையில் புகுந்து முழங்கைவரை ஏறும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறிப் போன அம்மா 'குளிர்காய்ச்சலோடு' எங்கள் ஊரான காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பியிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எங்கள் பள்ளத்தாக்கில் அந்த மலேரியாக் காய்ச்சல் நுழையாத வீடு குறைவு. உச்சிப்பொழுதில் வந்து ஆட்டு ஆட்டென்று ஆட்டிவிட்டு, வேர்த்து ஓயும். அதன்பின் எலும்பெல்லாம் குடைந்து கண்ணை மூடவிடாது. செவலை ஏறிப் படுத்து இரைந்தால்தான் அம்மாவுக்கு உறக்கம்.

என் தகப்பனாருக்கு, நாங்கள் 'அய்யா' என்று கூப்பிடுகிறவருக்கு, அந்தச் சத்தமே ஆகாது. பூனைக்கு 'இழுப்பு' இருக்கிறது, அதுதான் அப்படி இரைகிறது, கூடப் படுத்தவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஊரே நம்பியது. அவருடைய அண்ணன் அதே இழுப்பு வந்து மூச்சுக்குத் தவித்துச் செத்தவர். பயம் வந்துவிட்டால் அய்யாவுக்குக் கோபமும் கூடவே வரும். ஒருநாள் செவலையைக் கோணிச்சாக்கில் கட்டித் தூக்கிப்போய் ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்தார். தண்ணீர் தாண்டிய பூனை திரும்பாது என்பது கணக்கு. செவலையும் திரும்பவில்லை.

 அம்மாவுக்கு உறக்கம் போனது, கஞ்சி இறங்கவில்லை, கன்னம் குழிவிழுந்தது. மருந்து கொடுக்க வந்த கம்பவுண்டர், உறங்காவிட்டால் உடம்பு தாங்காது என்று சொல்லிப்போனார். மறுநாளே அய்யா கையில் கருவாட்டுத் துண்டோடு அக்கரைக்குப் போய், வயற்காட்டில் பூனையைக் கூவிக் கூவித் தேடினார். பார்த்தவர்கள் சிரித்தார்களாம். வெறுங்கையோடு வந்தவர் கருவாட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு செய்ததுதான் வேடிக்கை. மத்தியானம் காட்டிலிருந்து வந்து, கதவைச் சாத்தி, அம்மாவின் தலைமாட்டில் தானியம் திரிக்கும் திருகைக் கல்லை இழுத்துப் போட்டு, மெல்லச் சுற்ற ஆரம்பித்தார். பூனை இரைச்சலுக்குக் கிட்டத்தட்ட அந்தச் சத்தம் வருமாம். திருகையை ஆம்பளை தொட்டால் ஊர் மானத்தை வாங்கிவிடும். வெறுந்திருகை சுற்றினால் வீட்டுக்கு ஆகாது. அதனால் ஒரு பிடி கம்புத் தானியத்தைப் போட்டுக்கொண்டார், என்னைக் கதவுக்கு உள்பக்கம் காவல் வைத்தார். திரிப்பது யாரென்று பக்கத்து வீட்டுக்காரி வெளியிலிருந்து கேட்டால் நான்தான் என்பேன். அம்மா கண்ணை மூடிக் கிடப்பாள், அவர் நிறுத்தவே மாட்டார். அந்தப் பருவம் முழுக்க எங்களுக்குக் கம்பங்கூழ்தான். உள்ளங்கை கொப்புளம் கண்டு, அய்யா துணி சுற்றிக்கொண்டு ஏர் பிடித்தார்.

அம்மா பிழைத்துக்கொண்டாள்.  அதன்பிறகு எங்காவது பூனை கத்தினால் அய்யா சோற்றில் கையை வைத்தபடியே இருந்துவிடுவார். பாவம் செய்துவிட்டோம் என்ற முகம் அது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மா சொன்னாள்:

"கல்லு சத்தத்துல யாருக்குடி ஒறக்கம் வரும்? மூடுனா நிறுத்திருவாகன்னு கண்ண மூடுனேன். நிறுத்துனா முழிச்சிருவேன்னு அவுக சுத்திக்கிட்டே இருந்தாக. போதும்னு ஒரு சொல்லு சொல்லிருக்கலாம். பூனையக் கொண்டுபோய் விட்ட மனுசன்தான, சுத்தட்டும்னு கிடந்துட்டேன். அந்தக் கையி கொப்புளத்த நெனச்சா இப்பவும் சோறு எறங்கல."

இப்போது அம்மாவும் இல்லை. திருகை எந்த வீட்டிலும் இல்லை. நேற்று பேரன் கைபேசியில் ஒரு பூனையின் இரைச்சலை ஓடவிட்டு என் காதருகே வைத்தான். இதைக் கேட்டால் ரத்தக்கொதிப்பு தணியுமாம், முறிந்த எலும்புகூடச் சீக்கிரம் கூடுமாம், அப்படிச் சொல்கிறார்கள் என்றான். இருக்கலாம், செவலை படுத்தால் அம்மா உறங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் கேட்கக் கேட்க எனக்குக் கம்பு அரைபடும் சத்தமாகவே இருந்தது. பேரன் கை வலிக்க அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"போதும்டா, நிறுத்து" என்றேன். அம்மா சொல்லாமல் விட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.