முதலில் கைதட்டியவர்

மலேசியாவின் கிள்ளானில் கடைக்காரர்களுக்கு விளம்பரம் எழுதுவது பற்றி இலவசமாகப் பேசினேன். கேட்டவர்கள் என் கட்டணப் பட்டறையில் சேர்ந்தால்தான் எனக்குத் தொழில். முன்வரிசையில் பூப்போட்ட பாத்திக் சட்டைக்காரர் ஒருவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். முடிவில் எழுந்து என்னைக் கைகாட்டி, "தங்கச்சி எழுதிக் கொடுத்துதான் என் கடை நிமிர்ந்துச்சு லா!" என்றார்.

அவரை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். படிப்பால் வரும் பெயர் போதும்; பொய்யால் வரும் பெயர் எனக்கு வேண்டாம். "இவருக்கு நான் எதுவும் எழுதித் தரவில்லை" என்று மைக்கிலேயே சொன்னேன்.

"என்ன தன்னடக்கம் பாருங்க!" என்று அவர் கைதட்ட, மண்டபமே தட்டியது.

வாசலில் மறித்தேன். "அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். கூட்டம் கம்முனு உக்காந்திருந்தா என்னால பார்க்க முடியாது." மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பட்டறை நிறைந்தது. வந்தவர்கள் நம்பியது என்னையா, அவரையா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை.