பெரிய சூட்கேஸ் என்றால் விமான நிலையம்

சிகேயோ குவாபராவுக்கு ஜப்பானிய மொழியைத் தவிர வேறெதிலும் "வா, போ" கூடத் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக வெளிநாட்டுக்காரர்களை வழிதவற விடாமல் காப்பாற்றுகிறவர் அவர்தான். அவர் வேலை பார்க்கும் ஸ்டேஷனில் எட்டுப் பெட்டி ரயில் இரண்டாகப் பிரியும். முன் நான்கு விமான நிலையத்துக்கு, பின் நான்கு தகினோ என்ற மலையூருக்கு. ஒலிபெருக்கி தொண்டை கிழியச் சொல்லும். பாஷை தெரியாதவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

ரயில் நின்றதும் குவாபரா பின் பெட்டிகளில் ஏறுவார். பெரிய சூட்கேஸ் கண்ணில் பட்டால் குனிந்து வணங்கி, அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். சொந்தக்காரர் பதறிப் பின்னால் ஓடிவருவார். எந்த ஊர்க்காரரோ, பேச்சே புரியாமல் எப்படித்தான் இவ்வளவு தூரம் வந்தாரோ என்று குவாபராவுக்குள் குறுகுறுக்கும்.

அன்று மதியம் கடைசிப் பெட்டியில் சிவப்பு சூட்கேஸோடு ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும். இவர் தூக்கியதும் போட்ட கூச்சலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"என்னைத் திருடன்னு நினைச்சுட்டாங்க, பாவம்!" என்று பின் பெட்டிகளின் கார்டு ஹோசோமியிடம் சிரித்துக்கொண்டே நடந்தார்.

"உங்க மூஞ்சி அப்படி, குவாபரா-சான்!" என்றாள் அவள்.

முன் பெட்டியில் ஏற்றிவிட்டதும் அம்மாள் ஒரு தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஜப்பானிய எழுத்து: 'இவர் என் மாமியார். தயவுசெய்து தகினோவில் இறக்கிவிடுங்கள். இரண்டு மணிக்கு இவர் மகளுக்கு ஆபரேஷன். அதற்குமுன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.'

குவாபரா கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த தகினோ ரயில் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அம்மாளையும் சூட்கேஸையும் இறக்குவதற்குள் உயிர் போய் வந்தது. முன் ரயில் கிளம்பிவிட்டது. பின் ரயிலின் கதவுகளும் மூடிக்கொண்டன.

"ஹோசோமி! கதவைத் திற!" கையை உயர்த்தியபடி ஓடினார்.

"நேரமாச்சு! என்ன விளையாடுறீங்களா?"

"திட்டுறத அப்புறம் திட்டு! இவங்கள ஏத்து!"

ரயில் நாற்பது வினாடி தாமதமாகக் கிளம்பியது. அவருடைய நடைமேடையில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. ஆனாலும் அவரைக் கூசவைத்தது அதுவல்ல, அம்மாளின் அழுத முகம்.

ஒன்றே முக்காலுக்கு ஹோசோமி போன் செய்தாள்.

"மருமகன் கையிலயே ஒப்படைச்சுட்டேன். ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்கு எதிர்லதான், ஓடிட்டாங்க."

குவாபரா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தாமதத்துக்குக் காரணம் எழுதணும். பயணி பெட்டி மாறி ஏறிட்டாங்கன்னு போடட்டுமா? மத்த ஸ்டேஷன்ல வழக்கமா அப்படித்தானே போடுவோம்" என்றாள் ஹோசோமி.

"வேண்டாம்மா. அவங்க சரியாத்தான் ஏறியிருந்தாங்க. நான்தான் கேக்காம இறக்கிட்டேன். அப்படியே எழுது."