பலகையில் இருந்த பெயர்

உத்திரமேரூர் பஜாரில் நாங்கள் உரக்கடை வைத்தபோது என் கணவருக்கு ஏழரைச் சனி. அவர் பெயரில் எதுவும் தொடங்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்த என் கணவர், "உன் பேர்ல போட்டுக்கினா ஒரு தொல்லையும் கெடையாது. ரெண்டு எடத்துல கையெயுத்து போடு, அவ்ளோதான்," என்றார். நான் எட்டாவது வரை படித்தவள். படித்துப் பார்க்காமலே போட்டேன்.

பலகையில் என் பெயரை எழுதி, கீழே 'புரொப்ரைட்டர்' என்று போட்டிருந்தார்கள். அது ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரான சாலவாக்கத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? வீட்டில் அவருக்கு நான் 'இந்தாம்மே'. ஊருக்கு நான் உரக்கடைக்காரர் வீட்டம்மா. என் பெயரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கல்லாவில் உட்கார்ந்தது அவர். கடனுக்கு மூட்டை தூக்கிக் கொடுத்ததும் அவர். அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஏரி நிரம்பவில்லை. வாங்கிப் போனவர்கள் கடைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். உரம் அனுப்பிய மொத்த வியாபாரி கோர்ட்டுக்குப் போனார். கடையைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இருவருமே நம்பினோம்.

பலகையில் இருந்த அந்த வார்த்தைக்குக் காஞ்சிபுரத்து வக்கீல்தான் அர்த்தம் சொன்னார். "கடை வேற, நீங்க வேறன்னு சட்டத்துல இல்லம்மா. கடையில இல்லாததை உங்ககிட்டதான் எடுப்பாங்க."

என்னிடம் இருந்தது மஞ்சக்காணி. கல்யாணத்தின்போது அப்பா எனக்கென்று எழுதிவைத்த ஒன்றரை ஏக்கர், எங்கள் ஊர் ஏரிக்கடியில். அதை அப்படியே என் மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. வீடும் மூன்று ஏக்கர் கழனியும் என் கணவர் பெயரில் இருந்தன. அவற்றை யாரும் தொட முடியாது என்றார் வக்கீல். என் கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தன்னுடையதில் கொஞ்சம் விற்று அடைக்கிறேன் என்று சொல்வார் என, பஸ் ஊர் வந்து சேரும்வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏலத்துக்கு முன்னால் ஊரில் தமுக்கு அடித்தார்கள். சர்வே நம்பர், நான்கு எல்லை, பிறகு அப்பா வைத்த என் முழுப் பெயர். நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் முதலில் பட்டது. என் மகள் உள்ளே ஓடிவந்து, "அம்மா, உன் பேரச் சொல்லிக்கினு போறாங்க," என்றாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. கை அது பாட்டுக்குத் தவிட்டைக் கலக்கியது.

ஏழரை நடந்தது அவருக்கு. கழனி போனது எனக்கு. சாயங்காலம் அவர், "இந்தாம்மே, காப்பி," என்றார். போட்டுக் கொடுத்தேன்.