அப்பாவின் நெஞ்சிலிருந்த எழுத்து

என்னைப் பெண் பார்க்க நயினாதீவு அம்மன் கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் அப்பாவின் சட்டையைப் பற்றித்தான் கவலை. ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் கோயிலுக்குள் போக முடியாது. அப்பாவோ கிணற்றடியில் குளிக்கும்போதும் பெனியனைக் கழற்றாதவர்.

வாலிபத்தில் தெற்கே, சிங்கள ஊரில், தாய்மாமனின் சுருட்டுக்கடையில் நின்றவர் அவர். பின்னேரங்களில் காணிவேல் களியாட்ட மேடையில் குத்துச்சண்டை போட்டிருக்கிறார். வலது கையில் நாகபாம்பு ஒன்றைப் பச்சை குத்தியிருந்தார். அது அம்மனின் பாம்பு, அதனால்தான் அவரை ஒருவராலும் விழுத்த முடியவில்லை என்று எங்கள் வேலணையில் சொல்வார்கள். பச்சை குத்தினவனுக்குப் பாம்பும் எழுத்தும் மட்டும்தான் வரும் என்று அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

தெற்கே தமிழருக்கு அடித்த கலவரத்தில் உடுத்த உடுப்போடு வந்திறங்கினவர் என்பதால், நெஞ்சில் எரிகாயம் என்று ஊர் தானே முடிவு கட்டிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பாவும் மறுக்கவில்லை. உண்மையில் நெஞ்சில் இருந்தது சிங்கள எழுத்தில் ஒரு பேர். பெண்ணின் பேர் என்று மட்டும் தெரியும், எங்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அம்மா கேட்டதுமில்லை.

சண்டியனின் மகள் என்று எனக்கு முன்பே சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இனி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்றார் அம்மா. நாரிப்பிடிப்பு, குனிய நிமிர ஏலாது என்று சொல்லி அப்பா வெளிவீதியில் நிற்பதாக ஏற்பாடு. அப்பா ஓம் என்றார்.

மாப்பிள்ளை நெடுந்தீவு. அவருடைய பெரியப்பா தெற்கே கனகாலம் கடை வைத்திருந்தவர். அவர் வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

"சம்பந்தி உள்ளுக்கு வராமல் என்ன கதை? கழட்டும், பூசை தொடங்கப் போகுது."

அப்பா பொத்தான்களைக் கழற்றினார், பெனியனையும் உரிந்தார்.

நெஞ்சிலிருந்ததைப் பெரியப்பா வாசித்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திரும்பித் தன் ஆட்களிடம், "பத்தினித் தெய்வத்தின்ர பேர். அங்கை சண்டைக்காரர் காவலுக்குக் குத்திறவை" என்றார்.

நல்ல மனிசன், எங்களுக்கு வழி விட்டார். அப்பா பேசாமல் நின்றால் போதும். அவ்வளவு காலமும் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்.

"இல்லை அண்ணை. என்னோடை இருந்த மனிசி. என்னைப் பின்பக்கத்தாலை விட்டுட்டு, அடிக்க வந்தவங்களை வாசல்லை மறிச்சுக்கொண்டு நிண்டவ. வெட்டிப்போட்டாங்கள். தெய்வமெண்டு சொல்ல எனக்கு ஏலாது."

மணி அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே போனார்கள். நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேயில்லை, காலைத்தான் பார்த்தேன். அம்மா அப்பாவின் கையிலிருந்த சட்டையை வாங்கி மடித்தார்.

குறிகட்டுவானுக்குத் திரும்பும் வள்ளத்தில் அம்மா கேட்டார்: "அவவின்ர பேர் என்ன?"

அப்பா சொன்னார். அம்மா ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "சட்டையைப் போடுங்கோ, காத்து" என்றார்.

சாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்து சொன்னது. முதலில் பொருந்தியிருந்த சாதகம்தான். செத்துப்போன ஒருத்தியை அப்பா விட்டுக்கொடுக்கவில்லை, என் கலியாணம் போயிற்று. கோபம் வருமென்று கனகாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. வேறு சம்பந்தமும் வரவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தப் பேர் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.