சிவப்பு வரிசையில் ஒரு வீடு

தேவகி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது குரோம்பேட்டை நிலையத்தில் தாம்பரம் வண்டிக்காக நின்றிருந்தேன். மாரடைப்பு என்று போட்டிருந்தது. வண்டி வந்தது, ஏறினேன், அலுவலகம் போய் வழக்கம்போல் வேலை பார்த்தேன். அவரை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் என்னைத் திட்டலாம்.

மனநோய் குடும்பங்களில் எப்படித் தொடர்கிறது என்று பார்க்கும் எங்கள் மரபணு ஆய்வில் அவர் களப்பணியாளர். கடலோரக் குப்பங்களில் வீடு வீடாகப் போய்ப் பேசி, சம்மதம் வாங்கி, ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்வார். ஜீப்பை எந்த வீட்டு வாசலிலும் நிறுத்த விடமாட்டார். "வண்டி நின்னா, எந்த வூட்ல பைத்தியம் கீதுன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும். நடங்க சார்" என்பார். டாக்டர்களும் வெயிலில் நடந்தார்கள்.

"எதுக்கு எங்க ரத்தம்?" என்று மீன் விற்றுத் திரும்பிய ஒரு பெண் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "இதுவரைக்கும் வெள்ளைக்காரங்க ரத்தத்தையேதான் அதிகமா பாத்துகினு இருந்தாங்க. நம்மளுதையும் பாத்தாதான் நமக்கு இன்னா ஒத்துக்கும்னு தெரியும். நம்ம கணக்குல வரணும்மா" என்றார் அக்கா. ஆய்வுத் திட்டத்தில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தது இதைத்தான்.

அந்தக் கணக்கைக் கெடுத்தவன் நான். குடும்ப விவரங்களைச் சரிபார்க்கும் மென்பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒருவருடைய அம்மாவுக்கு ஒரே ஆள் தாய்மாமனாகவும் கணவனாகவும் இருந்தால் அந்த வரிசையைச் சிவப்பாகக் காட்டும். பதிவில் பிழை என்று நினைத்து, அப்படிப்பட்ட குடும்பங்களை மொத்தமாக நீக்கிவிட்டேன். என் சித்தப்பாவே தன் அக்கா மகளைக் கட்டியவர்தான். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

நீக்கிய குடும்பங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு தேவகி அக்கா என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கம்ப்யூட்டர் சார், அதுல ஒண்ணு எங்க வூடு. எங்கப்பா அவரு அக்கா பொண்ணைத்தான் கட்டிகினாரு. அது தப்புன்னா நான் யாரு சார்?"

அவர் தம்பிக்கு மனநோய் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. நீக்கிய குடும்பங்களை ஒன்றுவிடாமல் திரும்பச் சேர்க்க மூன்று வாரம் ஆனது. அதுவரை அக்கா குப்பத்துப் பக்கம் போகவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?" என்றார்.

ஆய்வில் பங்கேற்றவர் இறந்தால் குடும்ப வரைபடத்தில் குறிக்க வேண்டும். பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு அதன் குறுக்கே ஒரு கோடு. போன வாரம் அக்காவின் வட்டத்தில் நான்தான் கோடு போட்டேன். அழுகை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

எந்தக் குடும்பத்தையும் நீக்கும் முன் அந்த வீட்டுக்குப் போனவரைக் கேட்பது என்ற பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. இன்று காலை ஒரு வரிசை சிவப்பாகத் தெரிந்ததும், அந்தப் பழக்கத்தில் என்னையும் அறியாமல் அவர் எண்ணையே அழைத்துவிட்டேன். அவர் தம்பி எடுத்தார்.

"அக்கா இல்ல சார்" என்றார். பிறகு, "இன்னா கேக்கணும்? என்னாண்ட கேளுங்க" என்றார்.

இத்தனை வருடத்தில் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.