பதினாலாவது தளத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

எனக்குப் பத்து வயதானபோது நான் ஒரு வைத்தியராக இருந்தேன். பச்சை அங்கி, தோளில் மூலிகைப் பை, கையில் ஒரு விளக்கு. பாதாள அறைகளில் தளம் தளமாகக் கீழே இறங்கிப் போகும் இணைய விளையாட்டு அது. தொடக்கநிலை ஐந்தில் என் வகுப்பு முழுக்க அதைத்தான் ஆடியது. சேரும்போது வாள்வீரர், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர் என்று நால்வரைக் காட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். யாரையும் காப்பாற்றும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அந்தப் பச்சை அங்கி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆரம்பம் படு கேவலம். முதல் தளத்திலேயே எலிகள் கடித்து நான்கு முறை செத்தேன். அதில் செத்தால் செத்ததுதான். சேர்த்த பொருள், ஏறிய நிலை எல்லாம் போய், புது ஆளாக மறுபடி முதல் தளத்தில் நிற்க வேண்டும். ஐந்தாம் முறைதான், விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக நடந்தால் எலிகள் வராது என்று கண்டுபிடித்தேன். திரையோரத்துப் பசிக்கோடு சிவப்பாவதற்குள் ரொட்டி தின்ன வேண்டும் என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. அப்படி இப்படி ஐந்தாம் தளம் வரை வந்தால், அங்கே ஒரு கதவு. இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் திறக்கும். வகுப்பில் எல்லாருக்கும் ஜோடி இருந்தது. என் தோழியோடு எனக்கு அப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே மாமாவைப் பிடித்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் காற்றைச் சோதித்து, கையெழுத்துப் போட்டு, மேலே தொட்டி வாயருகில் ஒருவரைக் காவல் நிறுத்திவிட்டுத்தான் அனுப்புவாராம். அந்தப் பழக்கத்தை அப்படியே பாதாளத்துக்கும் கொண்டுவந்தார். மாமன் என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் மாமன்2 என்ற வாள்வீரரானார். ஒவ்வொரு தளத்திலும் கால் வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வெளிய வர்ற வழி எது?" என்பதுதான்.

"மாமா, இதுல வெளிய வரக் கூடாது. கீழ போகணும்."

"கீழ போறவனுக்குத்தான் லா வெளிய வர்ற வழி தெரியணும்."

எங்கள் ஊரில் எல்லார் பேச்சிலும் ஒட்டிவரும் அந்த 'லா'வோடு அவர் அப்படிச் சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். அவருக்கு வாளைச் சுழற்றவும் தெரியாது, திரையில் கதவையும் வாளையும் மாற்றி மாற்றித் தொடுவார். நான்தான் அதட்டி அதட்டிப் பழக்கினேன். முதலில் வேலை விட்டு வந்து சாயங்காலம் மட்டும் ஆடினார். சீனப் புத்தாண்டுக்குப் பிறகு ஆளே மாறிவிட்டார். பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, அம்மா அனுமதித்த அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் உள்ளே நுழைந்தால், மாமன்2 ஏற்கெனவே நிற்பார். ஜோடி இல்லாமல் கீழே இறங்க முடியாது என்பதால், நின்ற தளத்திலேயே காலையிலிருந்து விறகு பொறுக்கி, மூலிகை பறித்து, ரொட்டி சுட்டு என் பையை நிரப்பி வைத்திருப்பார். வகுப்பில் யாருடைய ஜோடியும் இப்படி உழைத்ததில்லை. நான் அவரை நன்றாகத் தேற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

தவக்காலம் தொடங்கியபோது நாங்கள் பத்தாம் தளத்தில் இருந்தோம். மார்ச் விடுமுறைக்குள் பதினைந்தாம் தளத்தைத் தொட்டுவிட வேண்டும். வகுப்பில் யாரும் அதுவரை தொட்டதில்லை. பேச்சு நின்றுபோன அந்தத் தோழியும் அவள் அண்ணனும் பதின்மூன்றில் இருந்தார்கள். சாப்பாடு இறங்காத அளவுக்கு எனக்கு அதே நினைப்பு.

விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. பதினாலாவது தளத்தில் வழி தப்பிவிட்டோம். ரொட்டி தீர்ந்துபோனது. என் அவசரம்தான் காரணம், தேவையில்லாத இடத்திலெல்லாம் தின்று தீர்த்திருந்தேன். கடைசியில் படிக்கட்டைக் கண்டுபிடித்த இடத்தில், சுவரில் ஒரு கொக்கி. அதில் புகையில் வாட்டிய காட்டுப்பன்றித் தொடை ஒன்று தொங்கியது. என் பசிக்கோடு சிவந்து துடித்துக்கொண்டிருந்தது.

மாமா தன் ஃபோனிலிருந்து எழுதினார். "பாப்பா, எடுத்துச் சாப்பிடு. சீக்கிரம்."

"மாமா, இன்னைக்கி வெள்ளிக்கிழமை."

தவக்கால வெள்ளிகளில் எங்கள் வீட்டில் சுத்தபோசனம். கவிச்சி அடுப்பங்கரைக்குள்ளேயே வராது.

"அது ஃபோன்ல இருக்கிற பன்னி லா."

"மனசால செஞ்சாலும் பாவம்னு சிஸ்டர் சொன்னாங்க."

அவர் கெஞ்சிப் பார்த்தார். பாவத்தைத் தன் கணக்கில் வைத்துக்கொள்வதாகக்கூடச் சொன்னார். நான் அசையவில்லை. சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போய் எந்த முகத்தோடு முழங்காலிடுவது? என் வைத்தியர் சுருண்டு விழுந்தாள். பச்சை அங்கி இருந்த இடத்தில் ஒரு சின்னக் கல்லறை முளைத்தது.

மாமாவின் பசிக்கோடு அப்போதும் பாதிக்கு மேல் இருந்தது. படிக்கட்டு நாலடி தூரத்தில். ஜோடி செத்துவிட்டதால், தனியாகத் தொடரலாமா என்று திரை அவரைக் கேட்டது. அவர் அந்தத் தொடை இறைச்சியைத் தின்றுவிட்டு இறங்கியிருந்தால் பதினைந்தாம் தளம் அவருடையது. அவரோ என் கல்லறைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"போங்க மாமா."

"ஒருத்தரா இறங்கக் கூடாது லா. எங்க வேலையில முதல் சட்டமே அதுதான்."

பசிக்கோடு தீர இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். கேண்டீனில் என்ன சாப்பிட்டேன், தோழி பேசினாளா, கணக்கில் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த இருபது நிமிடத்தில் அவரை யாரும் கூப்பிடவில்லை, அவருக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பிறகு மாமன்2 மெல்லச் சாய்ந்தார். இரண்டு கல்லறைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், தவக்காலத்துக்கு யார் யார் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். சாக்லேட் என்றார்கள், பபிள் டீ என்றார்கள். நான் எழுந்து நின்று, நானும் என் மாமாவும் உயிரையே விட்டோம் என்றேன். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. பதினாலு வயது ஆகாதவர்களுக்குச் சுத்தபோசனக் கட்டளையே கிடையாது என்று சிஸ்டர் விளக்கியபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. சும்மா செத்திருக்கிறேன்.

சிஸ்டர் இதைக் கோவில் முற்றத்தில் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிஸ்டர் நகர்ந்த பிறகு, "இது எப்ப நடந்துச்சு?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை, ஸ்கூல் விட்டு வந்து சாப்பிட்டதும்."

"அப்ப மாமா வேலையில இருந்திருப்பானே. அங்க ஃபோனை உள்ள விட மாட்டாங்களே."

"மாமா எப்பவும் இருப்பாரும்மா. நான் எப்பப் போனாலும் இருப்பாரு."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டுக்கு வந்தது ஆபத்து என்றுதான் நான் பயந்தேன். மாமாவுக்கு ஜனவரியிலேயே வேலை போய்விட்டது என்பதும், தினமும் கம்பெனிச் சட்டையோடு கிளம்பி, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, தேக்காவில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே கல் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார் என்பதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அம்மாவுக்கு அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கிறது. பேருந்தில் வீடு வரும் வரை அவள் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாமா பக்கத்து இருக்கையில், அடுத்த முறை யார் என்ன ஆளாகச் சேர்வது என்று என்னோடு பேரம் பேசிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை விடுமுறை. நான் சீக்கிரமே எழுந்துவிட்டேன். மாமா வழக்கம்போலக் குளித்து, கம்பெனிச் சட்டை போட்டு, கம்பிக் கதவைத் திறக்கப் போனார். அம்மா சமையலறையிலிருந்து வந்து, கையைத் துடைத்தபடி சொன்னாள்.

"வெயில்ல எங்கயும் அலையாத தம்பி. வீட்டுலயே இருந்து புள்ளையோட விளையாடு. சாப்பாடு ரெண்டு பேருக்கும் எடுத்து வெச்சிருக்கேன்."

மாமா கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "அக்கா" என்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டு, சட்டை மாற்றுவதற்காகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் குதித்தேன். நிமிடம் எண்ணி ஃபோனைப் பிடுங்கும் அம்மா, ஒரு நாள் முழுக்க விளையாட விட்டிருக்கிறாள். விடுமுறை தீர்வதற்குள் மறுபடி பதினாலாவது தளத்தைப் பிடித்துவிடலாம், ஆனால் உடனே தொடங்கியாக வேண்டும். மாமா வெளியே வருவதாக இல்லை. நான் போய் அவர் கதவைத் தட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "விடு, சட்டை மாத்திட்டு வரட்டும்" என்றாள். அவள் குரலும் என்னவோ மாதிரி இருந்தது.

ஒரு சட்டையை மாற்ற இவ்வளவு நேரமா என்று கேட்டு, நான் மறுபடியும் தட்டினேன்.